கணக்கில் இரண்டு, உழைப்பில் ஒன்றேகால்: ஹைப்பர்த்ரெடிங் குறித்து ஓர் ஆய்வு

எட்டு கோர்கள் கொண்ட ஒரு செயலியைச் சர்வர் கணினியில் பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, இதில் எத்தனை செயலிகள் உள்ளன என்று கேட்டால், பதினாறு என்ற விடை வருவது இன்று வழக்கமாகிவிட்டது. கோர் என்பது கட்டளைகளைத் தானே எடுத்து, புரிந்து, நிறைவேற்றக்கூடிய முழுமையான கணிப்புப் பகுதி. அத்தகைய பகுதிகள் எட்டே இருக்க, இயங்குதளம் பதினாறைக் காண்பதற்குக் காரணமான ஏற்பாட்டை இன்டெல் நிறுவனம் ஹைப்பர்த்ரெடிங் என்ற வணிகப் பெயரால் வழங்குகிறது. ஒரே நேரத்தில் பல கட்டளை இழைகளை ஒரே கோரில் ஓடவிடும் முறை என்று கணினியியலார் அதை வரையறுக்கின்றனர். இழை என்பது ஒரு நிரலின் தொடர்ச்சியான கட்டளை ஓட்டம். இந்த ஏற்பாட்டைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி, இரண்டாவது செயலி மெய்யா பொய்யா என்ற விவாதத்திலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது; இயங்குதளம், மென்பொருள் உரிமம் விற்பவர், அறிவியல் கணிப்பை ஓட்டுபவர், ரகசியத்தைத் திருட வருபவர் ஆகியோருக்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன என்பதும், யாருடைய விடையை யார் நம்புகிறார் என்பதைப் பொறுத்தே இலாப நட்டம் அமைகிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதை ஆராய்வதற்கு நீலகிரி பொருத்தமான களம். உதகமண்டலத்தில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இந்திய, ஜப்பானிய அறிவியலாளர்களின் கூட்டுமுயற்சியாக கிரேப்ஸ்-3 என்ற சோதனையை நடத்திவருகிறது. துகள் பட்டவுடன் ஒளி சிந்தும் பிளாஸ்டிக் உணர்விகள் சுமார் நானூறு அங்கே எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பப்பட்டுள்ளன. அவற்றுடன், கோலார் தங்கச் சுரங்கத்தில் முன்பு நடந்த புரோட்டான் சிதைவுச் சோதனையில் பயன்பட்ட இரும்புக் குழாய் எண்ணிகளைக் கொண்டு அமைத்த 560 சதுர மீட்டர் மியூவான் துகள் தொலைநோக்கியும் இயங்குகிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த பெரும் பிளாஸ்மா மேகம் புவியின் காந்தக் கவசத்தில் மோதியபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்த காஸ்மிக் கதிர்ப் பெருக்கை இந்தத் தொலைநோக்கி பதிவுசெய்தது. அதை விளக்குவதற்கான உருவகக் கணிப்புகள், ஆய்வகத்தினர் தாங்களே கட்டிய 1,280 கோர் கணினித் தொகுதியில் பல வாரங்கள் ஓடின என்று 2016-இல் ஆய்வு முடிவு வெளியானபோது அறிவிக்கப்பட்டது. 2014 டிசம்பர் முதல் நாள் உதகைக்கு மேலே நின்ற இடிமேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று 2019-இல் இதே குழு வெளியிட்ட மதிப்பீடும், மியூவான்களின் எண்ணிக்கையில் கண்ட சிறு குறைவை உருவகக் கணிப்புகளோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டதே. மலைமேல் நிற்கும் உணர்விகள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கீழே ஓடும் கணிப்பு. எனவே ஒரு கோரிலிருந்து எவ்வளவு உழைப்பைப் பெறலாம் என்பது இங்கே ஏட்டுக் கேள்வி அன்று.

ஏற்பாட்டின் உள்ளமைப்பை முதலில் பார்க்கலாம். தற்காலச் செயலியின் கோர் ஒன்று, ஒரு கடிகாரத் துடிப்பில் நான்கோ ஆறோ கட்டளைகளை நிறைவேற்றும் அகலம் கொண்டது. ஆயினும் பெரும்பாலான நிரல்கள் அந்த அகலத்தை நிரப்புவதில்லை. கோருக்குள்ளேயே இருக்கும் கேஷ் எனப்படும் சிறு நினைவகத்தில் தேவையான தரவு கிடைத்தால் நான்கைந்து துடிப்புகளில் வேலை முடிகிறது. அங்கே இல்லாமல் முதன்மை நினைவகம் வரை போக வேண்டி வந்தால் இருநூறு, முந்நூறு துடிப்புகள் காத்திருக்க நேர்கிறது. ஒரு கட்டளையின் விடைக்காக அடுத்த கட்டளை காத்திருப்பதும், இரு கிளைகளில் எதன் வழி நிரல் போகும் என்று செயலி முன்கூட்டி ஊகித்தது தவறிப்போவதும் இந்த வெறுமையைப் பெருக்குகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் டல்சன், சூசன் எக்கர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, துடிப்புக்கு எட்டுக் கட்டளைகளை ஏற்கவல்ல செயலியின் மாதிரியில் ஓர் இழை மட்டும் ஓடும்போது சராசரியாக ஒன்றரைக்கும் குறைவான கட்டளைகளே நிறைவேறுவதைக் காட்டியது. அந்த வெற்றிடத்தில் இன்னோர் இழையின் கட்டளைகளை நுழைப்பதே அவர்கள் முன்வைத்த தீர்வு.

இந்த யோசனைக்கு அதற்கும் முந்திய வேர்கள் உண்டு. 1964-இல் வந்த சிடிசி 6600 கணினியில் புறக்கருவிகளைக் கவனிக்கும் பத்துச் செயலிகள் இருந்ததாகக் கணக்கு. அவை பத்தும் ஒரே கணிப்பு உறுப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டவை. பர்ட்டன் ஸ்மித் 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்த டெனெல்கார் ஹெப் கணினியும் நினைவகத் தாமதத்தை மறைக்க இழைகளை மாற்றிமாற்றி ஓட்டியது. ஆனால் இவை ஒரு துடிப்புக்கு ஓர் இழை என்று முறை வைத்தன. ஒரே துடிப்பில் இரண்டு இழைகளின் கட்டளைகள் கலந்து ஓடலாம் என்பதே 1995-இன் புதுமை. நான்கு இழைகளைத் தாங்கும்படி திட்டமிடப்பட்ட ஆல்ஃபா செயலி 2001-இல் கைவிடப்பட, கருத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை 2002-இல் வெளியான இன்டெல் ஸியானுக்குப் போயிற்று.

ஸியானின் வடிவமைப்பைப் பற்றி டெபோரா மார் முதலானோர் 2002 பிப்ரவரியில் எழுதிய கட்டுரை, எது இரட்டிக்கப்பட்டது, எது பங்கிடப்பட்டது, எது பொதுவில் விடப்பட்டது என்று பிரித்துச் சொல்கிறது. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் மற்ற விளைவுகள் எல்லாம் தாமே விளங்கும். இரட்டிக்கப்பட்டது நிலைக்குறிப்பு மட்டுமே: அதாவது, நிரல் தன் கையிருப்பாகக் கருதும் பதிவகங்கள், அடுத்து எந்தக் கட்டளை என்று சுட்டும் குறி, கட்டுப்பாட்டுப் பதிவகங்கள், வெளிக்கருவிகளின் குறுக்கீடுகளைப் பெற்றுத்தரும் உறுப்பு ஆகியவை. பங்கிடப்பட்டவை இடைக்கிடங்குகள்: நிறைவேறும் வரை கட்டளைகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் 126 இடங்கள் இழைக்கு 63 ஆகவும், நினைவகத்திலிருந்து ஏற்றும் கட்டளைகளுக்கான 48 இடங்கள் 24 ஆகவும், நினைவகத்தில் எழுதுவதற்கான 24 இடங்கள் 12 ஆகவும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. கூட்டல், பெருக்கல் உறுப்புகளும் கேஷ் நினைவகமும் பொதுவில் விடப்பட்டன. இத்தனைக்கும் சில்லின் பரப்பில் கூடியது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலையை அரைக்கும் உருளை வரிசை ஒன்றே இருக்க, பறித்த இலையை வாடப் போடும் தொட்டிகள் மட்டும் இரண்டாக்கப்பட்டால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது. ஒரு தொட்டியின் இலை இன்னும் பதத்துக்கு வரவில்லை என்றால் மற்றதிலிருந்து எடுத்து உருளையை ஓய்வின்றி ஓட்டலாம், இரண்டும் ஒருசேரப் பதமாகிவிட்டால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். தொட்டி இரண்டானதால் உருளை இரண்டாகிவிடாது.

ஆனால் இயங்குதளத்தின் கண்ணுக்கு உருளை தெரிவதில்லை. கணினி உயிர்பெறும்போது அதன் அடிநிலை மென்பொருள் ஓர் அட்டவணையை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. குறுக்கீடுகளைப் பெறத்தக்க ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அடையாள எண் என அதில் எழுதப்பட்டிருக்கும். நிலைக்குறிப்பு இரட்டிக்கப்பட்டபோது இந்த உறுப்பும் இரட்டிக்கப்பட்டதால், ஒரு கோர் அந்த அட்டவணையில் இரண்டு வரிகளைப் பெறுகிறது. இயங்குதளத்துக்குச் செயலி என்பது வேலையை ஒப்படைக்கத்தக்க, தனிப் பதிவகங்கள் உடைய, தனியாகக் குறுக்கிடத்தக்க ஒன்று. அந்த வரையறைப்படி இரண்டும் மெய்யான செயலிகளே. ஏமாற்று எதுவும் இதில் இல்லை. அதே சமயம், எந்த இரண்டு வரிகள் ஒரே கோரைச் சேர்ந்த உடன்பிறப்புகள் என்பதையும் அடையாள எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு அறியலாம். இதை அறியாத பழைய இயங்குதளங்கள் வேடிக்கையான பிழை செய்தன: இரண்டு கோர்கள் உள்ள கணினியில் இரண்டு வேலைகள் வந்தால், இரண்டையும் ஒரே கோரின் இரு உடன்பிறப்புகளிடம் கொடுத்துவிட்டு மற்ற கோரைச் சும்மா விட்டன. விண்டோஸ் 2000 அந்த வகையைச் சேர்ந்தது. 2.6 பதிப்புக் காலத்திலிருந்து லினக்ஸ், முதலில் வெவ்வேறு கோர்களை நிரப்பி, அதன் பிறகே உடன்பிறப்பைத் தொடுவது என்ற ஒழுங்கைப் பின்பற்றுகிறது. செய்வதற்கு வேலையற்ற இழை ‘நிறுத்து’ என்ற கட்டளையை இட்டால் பங்கிடப்பட்ட இடைக்கிடங்குகள் மற்ற இழைக்கு முழுதாகத் திரும்பிவிடுகின்றன. பூட்டு ஒன்று திறக்கும் வரை சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும் நிரல், ‘சற்றே பொறு’ என்னும் பொருளுடைய கட்டளையை இடையில் சேர்க்காவிட்டால், பயனற்ற சுழற்சியால் உடன்பிறப்பின் வேலையைத் திணறடிக்கும்.

பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு ஸியான் வடிவமைப்பாளர்களே தந்த விடை அடக்கமானது. தரவுத்தளப் பரிவர்த்தனைச் சோதனையில் 21 விழுக்காடும், இணைய சர்வர் சார்ந்த சோதனைகளில் 16 முதல் 28 விழுக்காடு வரையும் கூடியதாக அவர்கள் எழுதினர். ஒரு கோர் இரண்டாகவில்லை, ஒன்றேகால் ஆயிற்று என்பதே இதன் சாரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், சில்லுகள் பலமுறை மாறியும், இந்த விகிதம் பெரிதாக நகரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஐந்து விழுக்காடு பரப்புக்கு இருபது விழுக்காடு உழைப்பு என்பது நல்ல பேரம்; நூறு விழுக்காட்டை எதிர்பார்த்தவருக்கே அது ஏமாற்றம்.

ஆனால் இந்த ஒன்றேகால் ஒரு சராசரி. நீலகிரியிலேயே அருகருகே நடக்கும் மூன்று வகைக் கணிப்புகளை எடுத்துக்கொண்டால் அது எப்படிச் சிதறுகிறது என்பது விளங்கும். காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று வளிமண்டலத்தில் நுழைந்து, மோதி, இலட்சக்கணக்கான துகள்களாகப் பெருகி மழையாக இறங்குவதை உருவகிக்க, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் உருவான கோர்சிகா என்ற நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு துகளை எடு, அது எங்கே மோதும் என்று சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முடிவுசெய், மோதினால் பிறந்தவற்றை வரிசையில் சேர், அடுத்ததை எடு என்று கிளைகிளையாகப் பிரியும் கணிப்பு இது. ஊகம் தவறுவது அதிகம், அட்டவணைகளைத் தேடி நினைவகம் போவதும் அதிகம். எனவே கோரின் அகலம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். ஒரு மழைக்கும் மற்றொரு மழைக்கும் தொடர்பே இல்லாததால் உடன்பிறப்பு இழைகளில் தனித்தனி மழைகளை ஓடவிடத் தடையும் இல்லை. உயர் ஆற்றல் இயற்பியலில் இத்தகைய நிரல்களுக்கு இரண்டாவது இழை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கூடுதல் விளைச்சல் தருவதை செர்ன் முதலான மையங்களின் அளவீடுகள் காட்டியுள்ளன. கவனிக்க வேண்டிய கிளைச்செலவு ஒன்று உண்டு: ஓடும் வேலைகள் இருமடங்காகும்போது அவை கேட்கும் முதன்மை நினைவகமும் இருமடங்காகிறது, அதற்கு வழியில்லாத கணினியில் இரண்டாவது இழையைத் திறந்துவிடுவது வீண். ஒவ்வொரு தனி மழையும் முன்னைவிட மெதுவாகவே முடியும் என்பதையும் மறக்கலாகாது. மாத இறுதியில் மொத்தம் எத்தனை மழைகள் என்று கேட்பவருக்கு இது இலாபம். இந்த ஒரு மழை எப்போது முடியும் என்று கேட்பவருக்கு நட்டம்.

உதகைக்கு அருகே முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நிறுவப்பட்ட வானொலித் தொலைநோக்கியின் நிலை வேறு. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த உருளைவடிவக் கருவி, ஊரின் அட்சரேகைக்கு இணையான சரிவுள்ள மலைச்சரிவில் படுத்திருப்பதால் புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திரும்பி விண்மீனைத் தொடரக்கூடியது. அதன் குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஏற்பிகள் உள்ளன. ஏற்பிக் குழுக்களின் சமிக்ஞைகளைத் தனித்தனியே எண்ணாக்கி, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் பெருக்கிக் கூட்டும் வேலையைக் கணினிகளிடம் ஒப்படைப்பதே இன்றைய வானொலி வானியலின் போக்கு. பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு என்று கிளையே இல்லாமல், தரவு முன்கூட்டியே வரிசையாக வந்துசேரும்படி எழுதப்பட்ட நிரலில் பெருக்கல் உறுப்புகள் ஏறத்தாழ முழு நேரமும் உழைக்கின்றன. அங்கே இரண்டாவது இழைக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. கேஷில் இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொள்வதால் மொத்த வேகம் குறையவும் கூடும். வானத்திலிருந்து சமிக்ஞை நிற்காமல் வந்துகொண்டிருக்க, குறித்த நேரத்துக்குள் கணித்து முடிக்காத பகுதி இழப்பாகிவிடும் என்பதால், உடன்பிறப்பின் குறுக்கீட்டால் நேரம் முன்பின் ஆவதே பெரிய கேடு. அடர்த்தியான கணிப்புகள் ஓடும் மீத்திறன் கணினிகளில் இந்த ஏற்பாட்டை அணைத்துவைக்கும் வழக்கம் இதனால் வந்தது.

மூன்றாவது வகை சந்தையினுடையது. குன்னூரில் டீசர்வ் கூட்டுறவு அமைப்பு 2003-இல் மின்னணுத் தேயிலை ஏலத்தைத் தொடங்கியது. விலை கேட்போர் பலரிடமிருந்து வரும் சிறு சிறு கோரிக்கைகளைத் தரவுத்தளத்தில் தேடி, ஒப்பிட்டு, பதியும் இத்தகைய சர்வர்கள், பெரும்பாலும் நினைவகத்துக்காகக் காத்திருப்பவை. ஸியான் வடிவமைப்பாளர்களின் 21 விழுக்காடு இந்த வகை வேலைக்கானதே. ஐபிஎம் நிறுவனம் வணிகச் சர்வர்களை மனத்தில் கொண்டு 2004-இன் பவர்5 செயலியில் கோருக்கு இரண்டாக இருந்த இழைகளை 2010-இல் பவர்7-இல் நான்காகவும், 2014-இல் பவர்8-இல் எட்டாகவும் உயர்த்தியதன் தர்க்கமும் இதுதான்.

இரட்டை எண்ணிக்கை விளைவிக்கும் தீங்குகளில் பரவலானதும் குறைவாகப் பேசப்படுவதும் பயன்பாட்டு அளவீட்டில் நேர்வது. எட்டு கோர் கணினியில் எட்டு வேலைகள், கோருக்கு ஒன்றாக, முழுமூச்சாய் ஓடிக்கொண்டிருந்தால், பதினாறில் எட்டு என்று கணக்கிடும் இயங்குதளம் பயன்பாடு ஐம்பது விழுக்காடு என்று அறிவிக்கும். இதைப் பார்க்கும் நிர்வாகி இன்னொரு மடங்கு வேலையைத் தாங்கலாம் என்று திட்டமிடுவார். உண்மையில் கணினி தன் அதிகபட்ச விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்கை ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறது. மிச்சமிருப்பது அந்தக் கால் பங்குக் கூடுதல் மட்டுமே. ஐம்பதுக்கு மேல் ஏற ஏற ஒவ்வொரு வேலையின் காத்திருப்பும் திடீரென நீள்வது கண்டு, பழுதைப் பிணையத்திலும் வட்டிலும் தேடி அலைந்த கதைகள் இத்தொழிலில் ஏராளம். இரவல் கணினிகளை மணிக்கணக்கில் விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை: அமேசான் நிறுவனத்தின் பெரும்பாலான இன்டெல் சர்வர்களில் ஒரு மெய்நிகர் செயலி என்பது ஓர் இழை, அதாவது அரைக் கோர், அதே நிறுவனத்தின் கிராவிட்டன் செயலிகளில் அது ஒரு முழு கோர். இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

மென்பொருள் விற்பவர்களுக்கும் எண்ணிக்கைதான் காசு. விண்டோஸ் 2000-இன் உரிமம் இழைகளையும் செயலிகளாக எண்ணியதால், உரிமத்தின் வரம்பு பாதி வழியிலேயே நிரம்பியது. 2003-இன் சர்வர் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் உண்மையான செயலிகளை மட்டும் எண்ணத் தொடங்கியது. ஆரக்கிள் கோர்களை எண்ணி, செயலி வகைக்கேற்ற பெருக்குக் காரணியால் விலையை நிர்ணயிக்கிறது.

இந்த ஏற்பாடு இடைவிடாத வளர்ச்சி கண்டதும் அன்று. 2006-இல் இன்டெல் ‘கோர்’ என்றே பெயரிட்டு வெளியிட்ட கட்டமைப்பு இதைக் கைவிட்டது. பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 2008 செப்டம்பரில் வெளியான டன்னிங்டன் என்ற ஆறு கோர் ஸியான், இந்தியாவில் உருவான முதல் இன்டெல் சர்வர் செயலி என்று கொண்டாடப்பட்டது; அது அந்த இடைக்காலத்தைச் சேர்ந்ததால் ஆறு கோர்களுக்கு ஆறு இழைகளே கொண்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் நெஹலம் கட்டமைப்போடு ஹைப்பர்த்ரெடிங் திரும்பிவந்தது. ஏஎம்டி தன் செயலிகளில் 2017-இல், ஸென் கட்டமைப்பில்தான் இதை ஏற்றது.

பொதுவில் விடப்பட்டவற்றால் விளைந்த கேடு பாதுகாப்பு சார்ந்தது. இரண்டு இழைகளும் ஒரே கேஷைப் பகிர்வதால், ஓர் இழை தன் தரவு எங்கெங்கே வெளியே தள்ளப்பட்டது என்பதை நேரம் அளந்து அறிந்து, உடன்பிறப்பு எந்த நினைவகப் பகுதிகளைத் தொட்டது என்று ஊகிக்கலாம். காலின் பெர்சிவல் 2005 மே மாதத்தில் இந்த வழியால் மறையீட்டுச் சாவியின் பகுதிகளைப் பறிக்கமுடியும் என்று காட்டினார். தொழில்துறை அதை ஒரு விநோதமாகவே கருதிப் பதின்மூன்று ஆண்டுகளைக் கடத்தியது. 2018-இல் எல்1டிஎஃப் என்ற ஓட்டையும் 2019 மே மாதத்தில் ஸோம்பிலோட் முதலான ஓட்டைகளும் வெளிவந்தபோது, உடன்பிறப்பின் தடத்தை ஊகிப்பதைத் தாண்டி, அது கையாளும் தரவையே கசியவைக்கலாம் என்றாகிவிட்டது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2018 ஜூனிலேயே இன்டெல் செயலிகளில் இந்த ஏற்பாட்டை இயல்பாக அணைத்துவிட்டது. ஒருவரையொருவர் நம்பும் வேலைகளை மட்டும் ஒரே கோரில் இருத்தும் வசதி 2021-இல் லினக்ஸின் 5.14 பதிப்பில் சேர்ந்தது. இங்கேயும் களத்துக்குக் களம் தீர்ப்பு மாறுகிறது. ஒரே குழுவினரின் மழைகள் மட்டும் ஓடும் ஆய்வகத் தொகுதியில் ஒரு கணிப்பு மற்றொன்றை ஒற்றறிய எதுவும் இல்லை. போட்டியாளர் இருவரின் விலைக் கணக்குகள் ஒரே இரவல் கணினியில் அடுத்தடுத்த இழைகளில் ஓடுமானால், அந்தக் கால் பங்கு விளைச்சலுக்காக அப்படி ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

2024-இல் இன்டெல் வெளியிட்ட ஸியான் 6 குடும்பத்தின் ஒரு கிளை, 144 வரையிலான சிறு கோர்களை இழை இரட்டிப்பு இல்லாமலே அடுக்கியது. அதே ஆண்டில் மடிக்கணினிகளுக்கு வந்த லூனார் லேக் செயலியின் பெரிய கோர்களிலும் அது நீக்கப்பட்டது. ஏஎம்டியோ அவ்வாண்டு அக்டோபரில் 192 கோர்களில் 384 இழைகள் கொண்ட எபிக் செயலியைச் சந்தைக்கு அனுப்பியது. கோரே மலிவாகிவிட்ட காலத்தில், கோரின் வெறுமையை நிரப்பும் உத்திக்கு முன்பிருந்த கட்டாயம் குறைந்திருக்கிறது என்பது முன்னதன் கணக்கு. நினைவகத் தாமதம் குறையாத வரை வெறுமையும் குறையாது என்பது பின்னதன் கணக்கு. கோர்சிகா போன்ற கிளைநிறைந்த நிரலை ஓட்டும் ஆய்வகத்துக்கு இப்போதைக்குப் பின்னதன் கணக்கே நெருக்கமானது. என்றாலும் இரு வகைச் செயலிகளிலும் தன் நிரலையே ஒரு நாள் ஓட்டி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முடிந்த மழைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு விலை பேசுவதே அதற்கு உகந்தது.